மூன்று ஆண்டுகளை யார் சுமப்பது?

உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று அளித்த ஒரு தீர்ப்பு, சட்டக் கல்லூரியிலிருந்து வெளியே வரும் முதல் தலைமுறை மாணவர்களின் வாழ்க்கைக் கணக்கை மாற்றி எழுதியிருக்கிறது. உரிமையியல் நீதிபதி பணிக்கு விண்ணப்பிப்பவர் வழக்கறிஞராகக் குறைந்தது மூன்று ஆண்டுகள் தொழில் புரிந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை, அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான மூவர் அமர்வு மீண்டும் கொண்டுவந்தது. 1993இல் வந்த அந்த விதி, ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையையொட்டி 2002இல் நீக்கப்பட்டிருந்தது. நாட்டின் இரண்டாவது தலித் தலைமை நீதிபதி பதவியேற்ற ஆறாம் நாள் வந்த தீர்ப்பு இது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

தீர்ப்பின் காரணத்தைக் குறை கூற முடியாது. வழக்காடும் மேசையின் முன் ஒருநாளும் நின்றிராத இருபத்து மூன்று வயதுக்காரர், நேராக நீதிபதி இருக்கையில் அமர்ந்து மனிதர்களின் சொத்தையும் விடுதலையையும் தீர்மானிப்பதில் இடர் உண்டு. மூத்த வழக்கறிஞர் ஒருவரும் அனுபவமுள்ள எழுத்தரும் சேர்ந்தால் அப்படிப்பட்ட நீதிபதியை எப்படித் திணறடிக்க முடியும் என்பதைத் தொழிலில் இருப்பவர் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே அனுபவம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த மூன்று ஆண்டு அனுபவத்திற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குத்தான் தீர்ப்பில் விடை இல்லை.

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி வட்டங்களின் சேரிகளிலிருந்து வந்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்த ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்த அன்றே விடுதியும் முடிந்துவிடுகிறது. கல்வி உதவித்தொகையும் நின்றுவிடுகிறது. மதுரையில் அறை தேட வேண்டும். ‘நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு’ என்ற விசாரணையைத் தாண்டித்தான் அந்த அறை கிடைக்கும். கறுப்புக் கோட்டு, அங்கி, சட்டப் புத்தகங்கள், அகில இந்திய பார் தேர்வுக் கட்டணம், மாட்டுத்தாவணியிலிருந்து உயர்நீதிமன்றக் கிளைக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் அலையும் செலவு, இவை அனைத்தும் முதல் வருமானம் வருவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. வீட்டில் தந்தையோ தாயோ இன்னும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ‘வக்கீலுக்குப் படிச்ச பையன்’ மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்புவான் என்று எதிர்பார்க்கிற வீட்டிலிருந்து, மாதக் கடைசியில் மதுரைக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் என் சீனியர் மாத ஊதியம் என்று எதையும் தரவில்லை. தீபாவளிக்கு ஒரு சட்டை, வெளியூர் வாய்தாவுக்குப் பேருந்துக் கட்டணம், மதியம் சில நாள்களில் சாப்பாடு. அவரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய சீனியர் அவருக்குச் செய்ததையே அவர் எனக்குச் செய்தார். தொழிலைக் கற்றுத்தருவதே ஊதியம் என்பது இத்தொழிலின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை தந்தையின் வீட்டிலேயே தங்கி, தந்தையின் காரில் நீதிமன்றம் வருகிறவருக்குப் பொருந்தும். அவருக்கு அந்த மூன்றாண்டுகள் பயிற்சிக் காலம். நம் பிள்ளைகளுக்கு அவை கடன் காலம்.

நீதிமன்றங்கள் இதை அறியாதவை அல்ல. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்றும், இதற்கான சுற்றறிக்கையைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் வெளியிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, ஊரகப் பகுதிக்கு 15,000 என்று பரிந்துரைத்துச் சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன், 2024 ஜூலை 30 அன்று, கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மாநில பார் கவுன்சில்கள் பதினைந்தாயிரம் முதல் நாற்பதாயிரத்துக்கு மேல் வரை வசூலித்துவந்த காலம் அதனால் முடிவுக்கு வந்தது.

நுழைவதற்கான செலவு குறைந்துவிட்டது. தங்குவதற்கான செலவு குறையவில்லை. இருபதாயிரம் ரூபாய் என்ற எண் சுற்றறிக்கையில் இருக்கிறது. அது கையில் வராத ஜூனியர் யாரிடம் போய் முறையிடுவது? பார் கவுன்சிலில் தன் சீனியர் மீது புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை அதே நீதிமன்ற வளாகத்தில் வேறு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது? மதுரை வழக்கறிஞர் உலகம் பெரிது போலத் தோன்றினாலும் சிறியது. ‘அந்தப் பையனா, கேஸ் போட்ட பையனாச்சே’ என்ற ஒரு வரி போதும். தன் சாதிக்காரர் யாரும் சீனியராக இல்லாதவருக்கு அந்த வரி இன்னும் விரைவாக ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் 2025 தீர்ப்பு 2024 உத்தரவின் கையைக் கட்டிப்போடுகிறது. மூன்றாண்டு அனுபவத்துக்கான சான்றிதழை அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தர வேண்டும். அல்லது பத்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் தந்து, மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் அதை உறுதிசெய்ய வேண்டும். நடைமுறையில் ஜூனியர் நாடக்கூடியது இரண்டாவது வழியைத்தான். அப்படியானால், உதவித்தொகையை யாரிடம் கேட்க வேண்டுமோ அவருடைய கையொப்பம்தான் நீதிபதித் தேர்வுக்கும் வேண்டும். கேட்டால் கையொப்பம் போய்விடுமோ என்ற அச்சத்தில் மூன்று ஆண்டுகளும் வாய் திறக்காமல் இருப்பதே அறிவுடைமை என்று ஒவ்வொரு ஜூனியரும் தாமாகவே முடிவு செய்துகொள்வார். உத்தரவை யாரும் மீறியதாகவே பதிவாகாது.

கீழமை நீதித்துறைக்கான இந்தத் தேர்வு நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? உயர்நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நியமனங்களில் இட ஒதுக்கீடு கிடையாது. 2018 முதல் நியமிக்கப்பட்ட 715 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16 பேர் என்று 2025 மார்ச்சில் ஒன்றிய சட்ட அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். நீதித்துறையில் நாம் நுழைவதற்குச் சட்டம் உறுதிசெய்யும் வாசல், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உரிமையியல் நீதிபதித் தேர்வுதான். 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியான நம் ஏ. வரதராஜன், மாவட்ட முன்சீப்பாகத் தொடங்கியவர். 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி தம் 23ஆம் வயதில் அத்தேர்வில் வென்றபோது முதலமைச்சர் முதல் முகநூல் வரை எல்லோரும் கொண்டாடினோம். குழந்தை பிறந்த சில நாள்களிலேயே தேர்வு எழுதச் சென்றவர் அவர். மூன்றாண்டு விதி அன்று இருந்திருந்தால் அந்த வயதில் அவரால் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது. 26 வயது வரை மலையிலிருந்து இறங்கி ஏதோ ஒரு நகரத்தில் ஊதியமில்லாமல், கைக்குழந்தையோடு அவர் தொழில் புரிந்திருப்பாரா என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது முதல் மூன்று ஆண்டுகளின் கதை. அவற்றைத் தாண்டியவர்களுக்கு ஐந்தாம் ஆண்டிலோ ஏழாம் ஆண்டிலோ இன்னொரு சுவர் வருகிறது. அதைப் பற்றி நாம் வெளியில் அதிகம் பேசுவதில்லை.

தலித் வழக்கறிஞரிடம் எந்த வழக்குகள் வருகின்றன என்பதைப் பார்த்தால் அந்தச் சுவர் தெரியும். வன்கொடுமை வழக்கு, பேச்சு வழக்கில் பி.சி.ஆர். கேஸ், வரும். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்கிறார்கள் என்று நள்ளிரவில் தொலைபேசி வரும். பஞ்சமி நிலப் பிரச்சினை, சுடுகாட்டுப் பாதை, கோயில் நுழைவு ஆகியவையும் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. கேட்கவும் மனம் வராது. ஆனால், அதே ஊரில் அதே குடும்பத்தில் யாருக்காவது பாகப்பிரிவினை வழக்கோ விபத்து இழப்பீடோ வந்தால், அவர்கள் நகரத்தில் ‘பெரிய வக்கீல்’ யாரென்று விசாரித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பெரிய வக்கீல் பெரும்பாலும் நம்மவராக இருப்பதில்லை. நம் மக்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தோற்றால் எல்லாமும் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்கள், நீதிமன்றத்தில் எந்தப் பெயருக்கு மதிப்பு என்று பார்த்துத்தான் செல்வார்கள். அந்த மதிப்பைச் சாதி எப்படிப் பங்கிட்டுவைத்திருக்கிறது என்பதே சிக்கல்.

இந்தச் சுவரின் முன் நிற்பவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘சமூகத்துக்குத் திருப்பிக் கொடு’ என்கிறோம். ‘மேலவளவைப் பார்’ என்கிறோம். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் கொல்லப்பட்ட அந்த வழக்கு, சேலத்தில் 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை, உயர்நீதிமன்ற மேல்முறையீடு, 2009இல் உச்ச நீதிமன்றம் என்று பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. பின் 2019 நவம்பரில் பதின்மூன்று பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டபோது போராட்டம் மறுபடியும் தொடங்கியது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் அந்த ஆண்டுகளைத் தாங்கியிராவிட்டால் அவ்வழக்கு எங்கேயோ கரைந்துபோயிருக்கும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நானும் என் தலைமுறையினர் பலரும் சட்டம் படிக்க வந்ததே அந்த வழக்கின் கதையைக் கேட்டுத்தான்.

ஆனாலும், ஒருவருடைய தியாகத்தை அடுத்தவருக்கான விதியாக்கக் கூடாது. வங்கி அதிகாரியான தலித் இளைஞரிடம் யாரும் சம்பளமில்லாமல் பத்து ஆண்டு வேலை செய்யச் சொல்வதில்லை. மருத்துவரிடமும் சொல்வதில்லை. வழக்கறிஞரிடம் மட்டும் சொல்கிறோம். அவர் ஏழாம் ஆண்டில் களைத்துப்போய்த் தொகுதி நான்கு தேர்வெழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தால், ‘விலகிவிட்டார்’ என்கிறோம். அவர் விலகவில்லை. அவரைத் தாங்கிப்பிடிக்க எந்த ஏற்பாடும் இல்லாததால் வெளியேற்றப்பட்டார். பெண்களுக்கு இது இன்னும் முன்னதாகவே நிகழ்கிறது. இரவு எட்டு மணிக்குச் சீனியர் அலுவலகத்தில் கட்டுகளைப் படித்துவிட்டு மேலூருக்குக் கடைசிப் பேருந்து பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு, வீட்டில் தரப்படும் கெடு பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான்.

அண்ணலின் வாழ்க்கையை நாம் மேடைகளில் சொல்லும் விதத்தில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறோம். பதவிகளைத் துறப்பதற்கும், பற்றிக்கொண்டிருப்பதற்கும் அவர் வெவ்வேறு காரணங்கள் வைத்திருந்தார். 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குச் சென்றார். படிக்க உதவிய மன்னருக்குப் பணிபுரிந்தாக வேண்டிய ஒப்பந்தம் அது. தங்க இடம் கிடைக்கவில்லை. கீழ்நிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளைத் தூக்கி எறிந்தார்கள். பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். சில நாள்களிலேயே அங்கிருந்து கிளம்பினார். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். பொதுக் குடத்திலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைச் சக ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அங்கே அவர் உடனே வெளியேறவில்லை. லண்டன் படிப்பைத் தொடரப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தபின் 1920இல் தாமே விலகினார். பரோடாவில் நிற்பதற்கே வழியில்லை. சைடன்ஹாமில் அவமானம் இருந்தது, ஆனால் அவர் வந்த காரியம் நடந்துகொண்டிருந்தது.

1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்டபோது அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டங்கள் பெற்ற பாரிஸ்டர். வழக்குகள் வரவில்லை. தீண்டத்தகாதவர் என்று வழக்கு ஒப்படைக்க மறுத்தார்கள். அதற்காக அவர் தொழிலை விடவில்லை; பட்டினியோடு அதில் தொங்கிக்கொண்டிருக்கவும் இல்லை. 1925 முதல் 1928 வரை பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார். பிறகு அரசு சட்டக் கல்லூரியில் கற்பித்தார். 1935இல் அதன் முதல்வரானார். மகாத் போராட்டம் நடந்த 1927ஆம் ஆண்டு இந்தப் பகுதிநேர ஆசிரியர் வேலையின் நடுவில்தான் வருகிறது. இதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். வழக்கறிஞராக நீடிக்க அவருக்கு இன்னொரு வருமானம் தேவைப்பட்டது. அதைத் தேடிக்கொள்வதை அவர் இழுக்காகக் கருதவில்லை.

1951 செப்டம்பர் 27 அன்று அவர் அமைச்சர் பதவியைத் துறந்த கதை இன்னும் நெருக்கமானது. தம் விளக்க உரையில், சட்டத் துறையைத் தவிர வேறு துறை தரப்படாததையும், அமைச்சரவைக் குழுக்களில் சேர்க்கப்படாததையும், பட்டியல் சாதியினரின் நிலை மாறாததையும் அவர் எடுத்துரைத்தார். இன்றைய மொழியில் சொன்னால், அமைச்சரவைக்குள்ளேயே அவருடைய வளர்ச்சி முடக்கப்பட்டிருந்தது. அந்த முடக்கத்தை அவர் நான்கு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டபோதுதான் இறுதி முடிவெடுத்தார். பதவி உயர்வு கிடைக்காதது அவருக்கு ஒரு குறை. வந்த காரியம் அங்கே நடக்காது என்று உறுதியானது வேறு. அவர் வெளியேறியது இரண்டாவதற்காக.

இந்த அளவுகோலை மதுரை நீதிமன்ற வளாகத்தில் வைத்துப் பார்க்கலாம். நான்காம் ஆண்டில் இருக்கும் ஜூனியர் தம்மிடமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் நான் குறுக்கு விசாரணை செய்தேனா, வாய்தா வாங்க மட்டும் அனுப்பப்பட்டேனா? என் பெயரில் எத்தனை வக்காலத்துகள் இருக்கின்றன? நான் எழுதிய மனுவைச் சீனியர் திருத்தித் தருகிறாரா, தூக்கிப் போட்டுவிட்டு வேறொருவரிடம் எழுதச் சொல்கிறாரா? வருமானம் இல்லை, ஆனால் தொழில் கைக்கு வருகிறது என்றால் தேக்கம் பணத்தில்தான். அதற்கு வேறு வழிகள் பார்க்கலாம். தொழிலும் வரவில்லை என்றால் முதலில் மாற்ற வேண்டியது அலுவலகத்தை. அலுவலகத்தை மாற்றாமல் தொழிலையே விட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே மிக அதிகம். சீனியரை விட்டுப் போவது துரோகம் என்ற எண்ணம் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊட்டப்பட்டிருக்கிறது.

வேறு வழிகள் என்றேன். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் புரிய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால், சட்டம் கற்பிப்பதற்கு விலக்கு உண்டு. 1979ஆம் ஆண்டு விதிகளின்படி, நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் வழக்கறிஞர் சட்டம் கற்பிக்கலாம். அண்ணல் பட்லிபாயில் செய்ததைச் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2022ஆம் ஆண்டுத் திட்டப்படி மாவட்டங்களில் அமைக்கப்படும் சட்ட உதவி எதிர்வாதி வழக்கறிஞர் அலுவலகங்களில், உதவி வழக்கறிஞர் நிலைக்கு மூன்று ஆண்டு வரை அனுபவமுள்ளவர்களையே எடுக்கிறார்கள். ஒப்பந்தப் பணிதான், தனியார் வழக்குகள் எடுக்க முடியாது. ஆனாலும், மாதம் தவறாத மதிப்பூதியத்துடன் அமர்வு நீதிமன்றக் குற்ற வழக்குகளை நேரில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஓர் இளம் வழக்கறிஞருக்கு எளிதில் கிடைக்காது. உதவி அரசு வழக்கறிஞர் பணிக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டுத் தொழில் அனுபவம் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் வெளியேறுகிறவருக்கு அதுவும் மூடிவிடும்.

சென்னைக்கோ டெல்லிக்கோ பெயர்ந்துவிடுவது பற்றியும் ஒரு சொல். 2004 ஜூலை 24 அன்று யானைமலை அடிவாரத்தில் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்படும்வரை, தென் மாவட்டத்து இளைஞருக்கு உயர்நீதிமன்ற வழக்கறிஞர் ஆவதென்றால் சென்னையில் வாடகை கொடுக்க வழியிருக்க வேண்டும். கிளை வந்தபின் மேலூர்க்காரர் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து ரிட் மனு தாக்கல் செய்ய முடிகிறது. அது சிறிய மாற்றமில்லை. நாமக்கல் மாவட்டத்தில் 2015இல் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கு, அவருடைய தாயாரின் விடாப்பிடியால் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேர் தண்டிக்கப்பட்டதும் இந்நகரத்தில்தான். 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெருமளவு உறுதிசெய்தது. சாட்சிகள் பிறழ்ந்த வழக்கு அது. சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்த ப.பா. மோகன் போன்ற ஒருவர் இல்லாமல் அது அப்படி முடிந்திருக்காது. இத்தகைய வழக்குகளில் மூத்தவருக்குப் பின்னால் அமர்ந்து கட்டுகளைத் தயாரிக்கும் இளையவர்களுக்கு மதுரையே இன்று நல்ல பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நீடிக்கப் பணம் எங்கிருந்து வரும்? தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன் ஏழைக் குடும்பத்து இளம் சட்டப் பட்டதாரிகளுக்கு மாதம் 3,000 ரூபாய், இரண்டாண்டு காலம் என்று உதவித்தொகை அறிவித்தது. மதுரையில் அறை வாடகைக்கே அது போதாது. காலமும் மூன்றாண்டு விதிக்கு ஓராண்டு குறைகிறது. ஆந்திரத்தில் 2019 டிசம்பரில் தொடங்கிய திட்டம் மாதம் 5,000 ரூபாயை மூன்று ஆண்டுகளுக்கு என்று வகுத்தது. தொகை சிறியதுதான். ஆனால், பணம் அரசிடமிருந்து நேரே இளையவரின் வங்கிக் கணக்குக்குச் சென்றது. சீனியரின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உதவித்தொகையைச் சீனியரின் தலையில் கட்டும் உத்தரவுகளைவிட இந்த முறையே நடக்கக்கூடியது என்பது என் கருத்து. மூன்றாண்டு அனுபவம் நீதித்துறைக்குத் தேவையென்றால் அதற்கான செலவும் அரசுடையதே. முதல் தலைமுறை பட்டியல் சாதி வழக்கறிஞர்களுக்கு, உயர்நீதிமன்றமே நிர்ணயித்த 20,000 ரூபாயை மூன்று ஆண்டுகளுக்கு நேரடியாகத் தர வேண்டும் என்று கேட்பதில் மிகை ஏதும் இல்லை.

அரசு வழக்கறிஞர் நியமனங்கள் இன்னொரு களம். பஞ்சாப் அரசு 2022இல் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பட்டியல் சாதியினருக்கென 58 பணியிடங்களை ஒதுக்கியது. ஆனால், விண்ணப்பிக்க வேண்டுமானால் குறிப்பிட்ட ஆண்டு வருமானம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் எல்லா இடங்களையும் நிரப்ப முடியவில்லை. கட்டணம் தரும் வழக்குகள் யாருக்கு வரவில்லையோ அவர்களிடமே வருமான வரிக் கணக்கைக் கேட்டால் வேறென்ன நடக்கும்? 2025இல் அந்த வருமான வரம்பைப் பட்டியல் சாதியினருக்குப் பாதியாகக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில், மதுரைக் கிளை அரசு வழக்கறிஞர்கள் நியமனம் உள்பட, இத்தகைய ஒதுக்கீட்டைச் சட்டமாகவே நாம் பெறவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்சி மாற்றத்தின்போதும் கட்சிப் பட்டியலில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பது அதற்கு மாற்றாகாது.

இப்போதே, புதிய சட்டம் எதுவுமில்லாமல் கேட்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் விதி 4(5), பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கை நடத்த மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் கட்டணம் கொடுத்து அமர்த்தலாம் என்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தெரிந்த நாமும் இலவசமாகவே ஓடிப் பழகிவிட்டோம். இவ்விதியின்படி மனு கொடுத்து, அரசு கட்டணத்தில் வழக்கு நடத்தும் மூத்தவர் ஒவ்வொருவரும் இரண்டு தலித் இளையவர்களைத் தம்முடன் சேர்த்து, அக்கட்டணத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை தருவது என்று நம் அமைப்புகள் ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம். அதே விதிகளின் 17ஆம் விதிப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அக்குழுக்களில் நம் தோழர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: கடந்த ஐந்தாண்டில் இம்மாவட்டத்தில் விதி 4(5)இன் கீழ் எத்தனை மனுக்கள் வந்தன? அவற்றில் எத்தனை வழக்குகளில், யாருக்கு, எவ்வளவு கட்டணம் கொடுக்கப்பட்டது?